வடிகால் நீரும் காலாவதியான நஞ்சுப் பட்டியலும்

முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்னுற்பத்திக்குப் பயன்பட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை 17 வாய்க்கால்களில் பிரிந்து 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களை வளர்க்கிறது என்பது தேனி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அந்த நீரின் பயணத்தில் அவ்வளவாகப் பேசப்படாத மறுபாதி ஒன்று உண்டு. மேல்வயலில் கட்டிய நீர் மடை வழியாக வடிந்து கீழ்வயலுக்குப் போகிறது; அங்கிருந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் திரும்பி, வைகை அணையைச் சேர்ந்து, மீண்டும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் எடுக்கப்படுகிறது. ஒரே நீர் பலமுறை பயன்படும் இத்தகைய பள்ளத்தாக்கில், ஒருவர் வயலில் அடித்த மருந்து அவருடைய வரப்போடு நின்றுவிடுவதில்லை. ஆயினும் வயலை விட்டு வெளியேறும் நீரில் எந்த மருந்து, எந்த அளவில், என்ன உருமாற்றத்தோடு இருக்கிறது என்பதைத் தொடர்ந்து அளந்து பொதுவில் வைக்கும் நடைமுறை இங்கே இன்னும் வேரூன்றவில்லை.

எச்ச நஞ்சு என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய சொல்லும் இல்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர்களுக்கு அது விலையைத் தீர்மானிக்கும் சொல். ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் அனுமதித்த வரம்பைத் தாண்டியிருப்பதாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சோதனை சொன்னதையடுத்து, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. உயர் நீதிமன்றத்தின் அந்த ஆணையை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது என்றாலும், மலைத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை நாடு முழுவதும் அந்த வழக்கின் வழியாகத்தான் அறிந்துகொண்டது. திராட்சையிலும் இதே கதைதான். ஐரோப்பாவுக்குப் போகும் இந்தியத் திராட்சையைத் தோட்டம் வரை தடம் பிடிக்கும் கணினிவழி ஏற்பாடு 2006-இல் தொடங்கியதற்கும், எந்தெந்த மருந்துகளைச் சோதிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியாவதற்கும் காரணம், கடல் கடந்த வாங்குபவர் அதைக் கேட்டார் என்பதே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்குப் போவதால் அந்த நெருக்கடி அதற்கு இல்லை. வடிகால் நீருக்கோ வாங்குபவரே கிடையாது. சோதனை யாருக்காக நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சட்டமும் தரநிர்ணயமும் இந்த இடைவெளியை நிரப்புகின்றனவா என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி வகைப்படுத்தும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பாசனத்துக்கு உரிய ‘இ’ வகை நீருக்கு விதித்திருக்கும் அளவுகோல்கள் நான்கு: கார அமில நிலை, மின்கடத்துத் திறன், சோடியம் விகிதம், போரான். உப்பு ஏறிப் பயிர் கருகிவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. பூச்சிக்கொல்லி என்ற சொல்லே அதில் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், அதாவது ஐ.எஸ். 10500 என்ற ஆவணத்தின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, 18 பூச்சிக்கொல்லிகளுக்கு வரம்பு வகுத்திருக்கிறது. டி.டி.டி., ஆல்ட்ரின், எச்.சி.எச். வகைகள், எண்டோசல்பான், மீதைல் பாரத்தியான், போரேட், அலாக்குளோர் என்று நீளும் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி வயலில் பயன்படுத்தத் தடை செய்யப்பட்ட மருந்துகள். இன்று நெல்லிலும் வாழையிலும் திராட்சையிலும் அடிக்கப்படும் இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில், அசிபேட், குயினால்பாஸ், மேங்கோசெப் ஆகியவற்றில் ஒன்றுக்கும் அதில் இடமில்லை. மண்ணில் பல்லாண்டு தங்கும் பழைய நஞ்சுகளைத் தேடுவது தேவைதான். ஆனால் இன்றைய வயலில் நேற்றைய மருந்தை மட்டும் தேடிவிட்டு நீர் சுத்தம் என்று சான்று தருவது, பூட்டிய வீட்டின் பின்கதவைப் பார்க்க மறந்த காவலுக்கு ஒப்பானது.

வரம்பின் அளவிலும் வேறுபாடு வியக்க வைக்கிறது. 2003-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் நீரிலும், அதே ஆண்டில் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதை வெளியிட்டுப் பெரும் சர்ச்சை எழுந்த பின், அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐரோப்பிய அளவுகோலே இந்தியாவிலும் ஏற்கப்பட்டது: எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது, எல்லாம் சேர்ந்தும் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குழாயிலும் கிணற்றிலும் வரும் குடிநீருக்கோ, குளோர்பைரிபாஸ் என்ற ஒரு மருந்து மட்டும் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 10500. பணம் கொடுத்துப் பாட்டில் வாங்குபவருக்கும் தெருக்குழாயில் குடம் வைப்பவருக்கும் இடையே 300 மடங்கு இடைவெளி. முப்பது என்ற எண்ணுக்கு உடல்நலக் கணக்கு ஒன்று அடிப்படையாக இருக்கக்கூடும், 0.1 என்பது எந்த மருந்துக்கும் பொதுவாக வைத்த முன்னெச்சரிக்கை எண் என்றும் வாதிடலாம். முன்னெச்சரிக்கை பாட்டிலுக்குள் மட்டும் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை.

இந்த 0.1 என்ற எண்ணை வயலின் மொழியில் சொன்னால்தான் அதன் நுண்மை புரியும். ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லிட்டர் நீரில் கரைந்தால் அந்த அளவு வரும். ஓர் ஏக்கர் வயலில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால் அது சுமார் இரண்டு லட்சம் லிட்டர். அப்படியானால் ஒரு கிராம் மருந்து 50 ஏக்கர் வயல்நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிராம் வீரியப் பொருள் இடப்படும் பயிர்களில் அதன் சிறு பகுதி வடிந்தாலே வரம்பைத் தொடும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் கணக்கு இத்தோடு முடியாததற்குக் காரணம், இட்ட மருந்து இட்டபடியே இருப்பதில்லை என்பது. வெயில், காரத்தன்மை, நுண்ணுயிர், காற்றில்லாச் சேறு ஆகிய நான்கும் அதை உடைக்கின்றன; உடைந்து வருவதைச் சிதைவுப் பொருள் என்பர், உடைவதற்கு முன் இருந்ததைத் தாய்ப்பொருள் என்பர். உடைந்தால் நஞ்சு தீர்ந்தது என்ற பொது நம்பிக்கை பல மருந்துகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்கு முற்றிலும் பொருந்தாது. நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிக்கும் அசிபேட் உடையும்போது அதன் ஒரு பகுதி மெத்தமிடோபாஸ் ஆகிறது. பாலூட்டிகளுக்கு இது அசிபேட்டை விடப் பலமடங்கு கொடியது. கார்போசல்பான் உடைந்து கார்போபியூரான் ஆகிறது. அதாவது ஒரு மருந்தின் சிதைவுப் பொருள், தனி மருந்தாகவே விற்கப்பட்ட கடுநஞ்சு. குளோர்பைரிபாஸ் நீரில் எளிதில் கரையாமல் மண்ணைப் பற்றிக்கொள்ளும். அதிலிருந்து பிரியும் டிரைகுளோரோபிரிடினால் நன்கு கரைந்து நீரோடு ஓடிவிடும். அதே குளோர்பைரிபாஸ், குடிநீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் குளோரினைச் சந்திக்கும்போது, நரம்பு நொதியை இன்னும் வலுவாகத் தாக்கும் ஆக்ஸான் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் தாய்ப்பொருளை மட்டும் தேடினால், மருந்து மறைந்துவிட்டது என்றுதான் முடிவு காட்டும்.

நெல்வயல் இந்த வேதியியலுக்கு மிக வளமான களம். தண்டுத் துளைப்பானுக்குக் குருணையாகத் தூவப்படும் ஃபிப்ரோனிலை எடுத்துக்கொண்டால், நீரின் மேற்பரப்பில் வெயில் பட்டு அது ஒரு பொருளாகவும், காற்றோட்டமுள்ள மண்ணில் ஆக்சிஜன் ஏறிச் சல்போன் என்ற இரண்டாவது பொருளாகவும், நீருக்கடியில் காற்றுப் புகாத கருஞ்சேற்றில் சல்பைடு என்ற மூன்றாவது பொருளாகவும் மாறுகிறது. மூன்றும் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு ஏறத்தாழ ஃபிப்ரோனில் அளவுக்கே நஞ்சு, நீடித்து நிற்பதில் அதை மிஞ்சுபவை. ஆகவே வயல்நீரில் ஃபிப்ரோனில் மட்டும் அளக்கப்பட்டால், நாள் ஆக ஆக எண் குறைந்துகொண்டே வரும். நான்கையும் கூட்டினால் அந்தக் குறைவு பெருமளவு கணக்கு மயக்கமே என்பது தெரியும். நேரமும் இதில் விளையாடுகிறது. வயல்நீரில் உள்ள பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை உறிஞ்சுவதால், நீரின் காரத்தன்மை பிற்பகலில் ஏறி இரவில் இறங்கும். நடுநிலையான நீரில் பாதி குறைவதற்கே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கார்போபியூரான், பி.எச். அளவு 9-ஐத் தொடும் நீரில் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும். காலை ஆறு மணிக்கு எடுத்த குப்பியும் மாலை நான்கு மணிக்கு எடுத்த குப்பியும் ஒரே வயலைப் பற்றி வெவ்வேறு சாட்சியம் சொல்வதற்கு இடம் உண்டு. மாதிரி எடுத்த நேரம் குறிக்கப்படாத சோதனை முடிவை நம்பிக் கொள்கை வகுப்பது அதனால்தான் ஆபத்து.

திராட்சைப் பந்தலின் நிலை வேறு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் கவாத்தும் மற்றொன்றில் அறுவடையும் நடப்பதால், மருந்தடிக்கும் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. பன்னீர்த் திராட்சைக்கு வாய்த்த இந்தச் சிறப்பு, நீரைக் கண்காணிப்பவருக்குத் தலைவலி. அடிச்சாம்பல் நோய்க்காக 1885-இல் பிரான்சின் போர்டோவில் மில்லார்டே முன்வைத்த மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவை இன்றும் பந்தலில் அடிக்கப்படுகிறது. அதில் உள்ள செம்பு ஒரு தனிமம் என்பதால் அது சிதைவதே இல்லை, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அதே நோய்க்கு அடிக்கும் மேங்கோசெப் நீரில் ஓரிரு நாளில் காணாமல் போய்விடும், ஆனால் தைராய்டு சுரப்பியைப் பாதிப்பதாக அறியப்பட்ட எத்திலீன் தையோயூரியா என்ற கரையும் பொருளை விட்டுச் செல்லும். இமிடாகுளோபிரிட் தெளிந்த நீரில் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் பாதியாகும். வெயில் எட்டாத ஆழ்துளைக் கிணற்றை அது அடைந்துவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வாய்க்காலில் இல்லாதது போர்வெல்லில் இருக்க முடியும் என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறிவது எப்படி என்பதை அறிந்தால்தான் எங்கே தவறு நுழையும் என்பதும் விளங்கும். பிளாஸ்டிக் பாட்டில் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் நீர் எடுக்கப்படுகிறது. வெயிலும் வெப்பமும் வழியிலேயே மருந்தை உடைத்துவிடாதபடி 4 டிகிரிக் குளிரில் வைத்து, பொதுவாக ஒரு வாரத்துக்குள் பிரித்தெடுப்பை முடித்துவிட வேண்டும். ஆய்வகத்தில் சேறு வடிகட்டப்பட்ட ஒரு லிட்டர் நீரை, மருந்துகளைப் பற்றிக்கொள்ளும் தூள் நிரப்பிய சிறு குழல் வழியாக ஓடவிட்டு, பற்றியதைச் சிறிதளவு கரைப்பானால் கழுவி எடுத்து ஒரு மில்லிலிட்டராக வற்றவைத்தால், அளவு ஆயிரம் மடங்கு செறிவாகிறது. பின்னர் அது நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்தப்பட்டு, ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளிவரும்படி பிரிக்கப்படுகிறது. 1957-இல் ஜேம்ஸ் லவ்லாக் வடிவமைத்த எலக்ட்ரான் கவர்வு உணரி, குளோரின் உள்ள மருந்துகளை நம்ப முடியாத நுண்மையில் காட்டியதால்தான் டி.டி.டி. உலகின் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருப்பது அம்பலமானது. இன்றைய ஆய்வகங்கள் நிறை நிறமாலைமானிகள் இரண்டை அடுத்தடுத்து வைத்து, ஒரு மூலக்கூறின் எடையையும் அதை உடைத்தால் வரும் துண்டுகளின் எடையையும் சேர்த்துப் பார்த்து அடையாளம் சொல்கின்றன. இமிடாகுளோபிரிட் 256 என்ற எடையில் வந்து 209, 175 என்ற துண்டுகளாக உடைவது அதன் கைரேகை.

இந்த முறையின் வலிமையே அதன் குறையும் ஆகிறது. கருவி தனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட கைரேகைகளை மட்டும் தேடும். ஒப்பிடுவதற்குத் தூய மாதிரி ஆய்வகத்தில் இல்லாத சிதைவுப் பொருள் கண்முன் ஓடினாலும் அது பதிவாகாது. மேங்கோசெப்பும் களைக்கொல்லியான கிளைபோசேட்டும் இந்தப் பொதுமுறையில் சிக்குவதில்லை, அவற்றுக்குத் தனித்தனி முறைகள் தேவை. சேற்றைப் பற்றிக்கொள்ளும் பைரித்ராய்டு வகை மருந்துகள் வடிகட்டும்போதே போய்விடுவதால், வண்டலைத் தனியாகச் சோதித்தாக வேண்டும். ஆய்வறிக்கையில் அடிக்கடி காணப்படும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற தொடரின் பொருள், அந்தக் கருவியால், அந்தப் பட்டியலில் உள்ள பொருள், அது அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவுக்கு மேல் தென்படவில்லை என்பது மட்டுமே. அதை ‘இல்லை’ என்று படிப்பது அதிகாரிகளுக்கு வசதியான வாசிப்பு.

பட்டியலில் இல்லாததைத் தேடாமல் விட்டதன் விலையைப் பிரான்ஸ் அண்மையில் கண்டது. ஐரோப்பாவில் 2019-இல் அனுமதி இழந்த குளோரோதலோனில் என்ற பூஞ்சாணக்கொல்லியின் சிதைவுப் பொருள் ஒன்று, நாடு தழுவிய சோதனையில் பாதிக்கும் மேற்பட்ட குடிநீர் மாதிரிகளில் இருப்பதை அந்நாட்டின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் அறிவித்தது. அது அன்றைக்குத் தோன்றியதன்று; அதுவரை வழக்கமான சோதனையில் யாரும் தேடவில்லை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சிற்றோடைக் கரையிலேயே கருவியை நிறுத்தி 20 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தபோது, மழை பெய்த சில மணி நேரங்களில் உயர்ந்து விழும் உச்ச அளவுகள், பல நாள் நீரைச் சேர்த்து எடுக்கும் சராசரி மாதிரியில் கரைந்து மறைந்துபோவது தெரிய வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இமிடாகுளோபிரிட்டின் சிதைவுப் பொருள்கள் குழாய் நீர் வரை வந்திருப்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது; அவற்றில் ஒன்று பூச்சிகளைவிடப் பாலூட்டிகளின் நரம்பேற்பியைக் கூடுதலாகப் பற்றும் தன்மை உடையது.

அத்தனை செலவுள்ள கருவிகள் கம்பத்துக்கு எப்படி வரும் என்ற கேள்வி இங்கே எழும். கருவி வாய்க்கால் கரைக்கு வர வேண்டியதில்லை, குப்பி ஆய்வகத்துக்குப் போனால் போதும். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி நச்சியல் ஆய்வகம் இருக்கிறது. பெரியகுளத்தில் அதே பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும், ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்ற கைகளுக்குப் பஞ்சமில்லை. வேளாண்மைத் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வகங்கள் கடைகளில் எடுக்கும் மருந்தின் தரத்தைச் சோதிப்பவை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களிடம் தரப்பட்ட நீர்ச் சோதனைப் பெட்டிகள் குளோரைடு, புளோரைடு, கடினத்தன்மை போன்றவற்றைக் காட்டுபவை. இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாதவை. ஆட்சியாளர்களுக்கு இம்மருந்துகளின் கொடுமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் அசிபேட், மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளையும் கலவைகளையும் 2023-இல் தமிழ்நாடு அரசு 60 நாட்களுக்குத் தடை செய்தது. குளோர்பைரிபாஸை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில், சில விலக்குகளுடன், 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் சேர்த்திருக்கின்றன.

நீரைச் சோதிக்கத் தொடங்கினால் பழி விவசாயி மேல்தான் விழும், விளைபொருளின் பெயர் கெடும் என்ற அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மருந்துக்கடைக்காரர் சொல்வதே பரிந்துரையாகவும், ஒரு மருந்து கேட்காவிட்டால் மூன்றைக் கலந்து அடிப்பதே வழியாகவும் இருக்கும் நிலையைச் சிறு விவசாயி உருவாக்கவில்லை. முதலில் பாதிக்கப்படுபவரும் மருந்து அடிக்கும் கூலித் தொழிலாளியும் அந்த நீரில் இறங்கி நாற்று நடும் பெண்களும்தான். அதனால் தனி வயலைக் குறிவைக்காமல், வாய்க்கால் வடிகால்களின் கடைமுனையில், பல வயல்களின் நீர் சேரும் இடத்தில் மாதிரி எடுப்பதே நியாயம். குருணை தூவிய வாரத்திலும், அதன் பின் வரும் முதல் பெருமழையிலும், காலை மாலை இரு வேளைகளிலும் எடுக்க வேண்டும். வட்டாரத்து மருந்துக்கடைகளின் விற்பனைப் பதிவேட்டிலிருந்து எந்த மருந்துகளைத் தேடுவது என்று முடிவு செய்யலாம், அவற்றின் சிதைவுப் பொருள்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஐ.எஸ். 10500-இன் பட்டியலைத் திருத்துவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் காத்திருக்க வேண்டிய புதிய அறிவியல் எதுவும் இல்லை. எண்டோசல்பானை அதன் சல்பேட்டோடும், டி.டி.டி.யை அதிலிருந்து பிறக்கும் டி.டி.இ.யோடும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று அந்த ஆவணமே சொல்கிறது. அதே விதியை இன்றைய மருந்துகளுக்கும் நீட்டிக்கத்தான் வேண்டும். பாசன நீருக்கான ‘இ’ வகையில் பூச்சிக்கொல்லிக்கு ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். தேனி மாவட்ட நிர்வாகம் அதுவரை காத்திராமல், வருகிற முதல் போகத்திலேயே 17 வாய்க்கால்களில் சிலவற்றிலாவது இந்தச் சோதனையைத் தொடங்கி, முடிவுகளை ஆய்வகக் கோப்பில் முடக்காமல், அந்தந்த வாய்க்காலின் விவசாயிகளுக்குத் தமிழில், மருந்தின் கடைப் பெயரோடும், அது விட்டுச் சென்ற பொருளின் அளவோடும் தர வேண்டும்.